முன்னால் வந்து நிற்கும் 'இல்லை'

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அன்ரிமார்க்கபிள்' என்று போட்டிருந்தால் முகம் வாட வேண்டாம். குறிப்பிட்டுச் சொல்லும்படி கோளாறு எதுவும் தென்படவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் வார்த்தைக்கு முன்னால் 'அன்', 'நான்' என்று ஏதாவது ஒட்டியிருந்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் ரிப்போர்ட்டும் கையுமாக என்னிடம் வருவதுண்டு. "மைனி, 'நான்-ரியாக்டிவ்'னு போட்டுருக்கு. ஏதும் கோளாறா? பயமா இருக்கு" என்பாள் ஒருத்தி. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி ரத்தப் பரிசோதனைகளில் அது நல்ல சேதி. கிருமி இருப்பதற்கான அடையாளம் தெரியவில்லை என்று பொருள். (டாக்டரிடம் காட்டாமல் பீரோவில் வைத்துவிடாதீர்கள், அது வேறு விஷயம்.)

இந்தக் குழப்பத்துக்கு நம் தமிழும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு மறுப்பு பின்னால்தான் வரும். வேகாத, உப்பில்லாத, வரமாட்டாள்... வார்த்தையைக் கடைசிவரை கேட்டால்தான் சங்கதி தெரியும். இங்கிலீஷ்காரரோ தலைவாசலிலேயே சொல்லிவிடுகிறார். நம் திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், 1856-ல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் வினைச்சொல்லே மறுப்பாக மாறுவதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். பழந்தமிழில் 'வாரேன்' என்றால் 'வரமாட்டேன்'! இன்று தாமிரபரணிக்குக் குளிக்கக் கூப்பிட்டு, அவள் "இந்தா வாரேன்" என்றால் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

முன்னால் மறுப்பு வைப்பது வடமொழி வழியாக நமக்கும் பழக்கம்தான். சுத்தம், அசுத்தம், அவசியம், அனாவசியம். கிரேக்கத்திலும் இதே 'அ', 'அன்' உண்டு. அங்கிருந்து வந்ததுதான் அனீமியா. சொல்லைப் பிரித்தால் 'ரத்தம் இல்லை' என்று வருகிறது. அதற்காக அலற வேண்டாம். ஹீமோகுளோபின் குறைவு, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்கிறார்கள்.

ஆளைக் கவிழ்ப்பது 'இன்'. 'இன்டைஜஷன்' என்றால் அஜீரணம், சரி. அதே கணக்கில் 'இன்ஃபிளேமபிள்' என்றால் தீப்பிடிக்காது என்று நினைத்து, தின்னர் டப்பாவையோ ஸ்பிரிட் பாட்டிலையோ அடுப்பு மேடையில் வைத்தால் என்ன ஆகும்! இந்த 'இன்' மறுப்பே அல்ல. லத்தீனில் இதற்கு 'உள்ளே' என்று பொருள். ஆகவே 'இன்ஃபிளேமபிள்', 'ஃபிளேமபிள்' இரண்டுமே தீப்பிடிக்கும் சரக்குதான். தீப்பிடிக்காதது 'நான்-ஃபிளேமபிள்'. குழப்பம் வேண்டாமென்றே இப்போது பல லேபிள்களில் 'இன்' போடுவதில்லை. பழைய டப்பாவில் இருந்தால் சூதானமாக இருங்கள்.

கடைசியாக 'ஆன்ட்டி'. பக்கத்து வீட்டு ஆன்ட்டி அல்ல! ஆன்ட்டிசெப்டிக், ஆன்ட்டிபயாடிக் இவற்றில் அது 'எதிர்' என்று பொருள்படும். 'ஆன்ட்டிநேட்டல் செக்கப்' என்பதில் உள்ளதோ வேறு சொல். இங்கிலீஷில் எழுத்தும் வேறு. அதற்கு 'முன்னால்' என்று பொருள், அதாவது பிரசவத்துக்கு முந்திய பரிசோதனை. 12 வாரத்துக்குள் போய்ப் பெயரைப் பதிந்து முதல் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். அப்புறம் பிரசவத்துக்குள் குறைந்தது மூன்று தடவையாவது போக வேண்டும்.