உயிருக்குப் போராடும் மானைக் 'கருணையோடு' கொல்லலாமா? சட்டம் யாருக்கு அந்த உரிமையைத் தருகிறது?

ஞாயிறு இரவு பதினோரு மணி. ஊரில் வீக்எண்டை முடித்துவிட்டு பெங்களூருவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூருக்கு முன்னால், காடு ரோட்டை ஒட்டி வரும் இடத்தில் நான்கைந்து வண்டிகள் நிற்கின்றன. இறங்கிப் பார்த்தால் ஒரு புள்ளிமான். இடித்த வண்டி போய்விட்டது. மான் முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்க்கிறது. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. கூட்டத்தில் ஒருவர் சொல்கிறார்: "பாவம் சார், இது பிழைக்காது. ஒரே அடில முடிச்சு விட்டா புண்ணியம்."

கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த ஒரே அடிக்குச் சட்டத்தில் இருக்கும் பெயர் 'வேட்டை'.

எது வேட்டை?

வேட்டை என்றதும் துப்பாக்கியும் டார்ச் லைட்டும்தான் நம் நினைவுக்கு வரும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 தரும் விளக்கம் அதைவிட ரொம்பப் பெரிது. கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பிடிப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். இதற்கெல்லாம் முயற்சி செய்வதும் வேட்டைதான். 'இரக்கப்பட்டுச் செய்தேன்' என்பவருக்கு அதில் தனி விலக்கு கிடையாது. பொதுமக்களுக்கு இருக்கும் முக்கியமான விலக்கு ஒன்றே ஒன்று: தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு தற்காப்பில் ஈடுபட்டால் அது குற்றமில்லை. முதுகெலும்பு உடைந்து கிடக்கும் மான் யாரையும் தாக்கப் போவதில்லை. அதனால் அந்த விலக்கு இங்கே செல்லாது.

2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு விலங்குகளுக்கு இரண்டே அட்டவணைகள். யானை, புலி, சிறுத்தை, மயில் எல்லாம் முதல் அட்டவணை. புள்ளிமான், காட்டுப்பன்றி இரண்டாவது. முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இரண்டாவது அட்டவணைக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவ்வளவு கடுமை எதற்கு? யோசித்துப் பார்த்தால் புரியும். 'அடிபட்டுக் கிடந்தது, பாவம்னு முடிச்சேன்' என்பதுதான் மான்கறிக்காக வேட்டையாடுபவர் சொல்லக்கூடிய ஆகச் சுலபமான கதை. இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தாலும் முதலில் நுழைவது அவர்தான். அதனால் பொதுமக்கள் கையில் இந்த முடிவைக் கொடுக்காதது சரிதான் என்றே படுகிறது.

காப்பாற்றுவதில்கூட இந்தக் கடுமை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் அடிபட்ட சாரஸ் கொக்கு ஒன்றுக்கு ஓர் இளைஞர் வைத்தியம் பார்த்தார். பறவை அவரைவிட்டுப் போகாமல் கூடவே சுற்றியது, வீடியோக்கள் வைரல் ஆயின. 2023-ல் வனத்துறை பறவையைக் கொண்டுபோனது. அவர் மீது இதே சட்டத்தில் நடவடிக்கையும் வந்தது.

அப்போ யார்தான் முடிவெடுக்கலாம்?

இதற்குச் சட்டத்தின் 11-வது பிரிவைப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிவு நியூஸில் அடிபடுவது பெரும்பாலும் ஆட்கொல்லி விவகாரங்களில்தான். 2021-ல் மசினகுடி பக்கம் டி23 புலியைப் பிடிக்க நடந்த தேடுதல் நினைவிருக்கலாம். மனித உயிருக்கு ஆபத்தான விலங்கை வேட்டையாட மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக உத்தரவிடலாம் என்கிறது இந்தப் பிரிவு. பலரும் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே வாக்கியத்தில் ஓர் 'அல்லது' இருக்கிறது: இனி தேறவே முடியாத அளவுக்கு ஊனமோ நோயோ அடைந்த விலங்குக்கும் இதே உத்தரவைப் பிறப்பிக்கலாம். அதாவது காட்டு விலங்கைக் கருணைக்கொலை செய்ய இந்தியச் சட்டத்தில் வழி இருக்கிறது.

முதல் அட்டவணை விலங்கு என்றால் அந்த அதிகாரம் தலைமைக் காப்பாளர் ஒருவருக்கு மட்டுமே. இரண்டாம் அட்டவணை என்றால் அவரோ, அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ முடிவெடுக்கலாம். நம் புள்ளிமானுக்கு இது கொஞ்சம் அனுகூலம்.

ஆனால் சிக்கல் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறு இடத்துக்கு மாற்றவோ முடியாது என்று உறுதியான பிறகுதான் கொல்ல உத்தரவிடலாம் என்று 11-வது பிரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆட்கொல்லிப் புலிக்கு இது அருமையான பாதுகாப்பு. டி23 சுடப்படாமல் உயிரோடு பிடிபட்டு மைசூருவுக்குப் போனதும் இந்த மனப்போக்கினால்தான். ஆனால் செத்துக்கொண்டிருக்கும் விலங்குக்கும் இதே நிபந்தனைதான். அதற்குப் பிடிபடுவதே இன்னொரு வதையாகிவிடலாம்.

2025 பிப்ரவரியில் கேரளாவின் அதிரப்பள்ளியில் நடந்ததைப் பாருங்கள். நெற்றியில் ஆழமான காயத்தோடு ஒரு கொம்பன் யானை காட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜனவரியில் ஒருமுறை மயக்க ஊசி போட்டு சிகிச்சை கொடுத்தார்கள். ஆறவில்லை, காயத்தில் புழு வைத்துவிட்டது. பிப்ரவரி 19-ல் மறுபடி மயக்க ஊசி. இந்த முறை யானை விழுந்தது. கூடவே திரிந்த இன்னொரு கொம்பன் அதைத் தூக்கிவிடப் பார்த்தது. பிறகு கும்கிகளை வைத்து எழுப்பி, லாரியில் ஏற்றி, கோடநாடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிப்ரவரி 21-ல் இறந்துவிட்டது. டாக்டர்கள் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. பிழைக்க வாய்ப்பிருக்கும்வரை முயல்வது அவர்கள் வேலை. 'போதும்' என்று சொல்ல வேண்டிய புள்ளி எது, அதை யார், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதற்கு 11-வது பிரிவில் கெடு எதுவும் இல்லை. நமக்கு இருக்கும் கேள்வி அதுதான்.

நீதிமன்றம் சொன்ன பிறகும்...

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 13-வது பிரிவு இதைவிட நேரடியானது. மீள முடியாத காயத்தோடு ஒரு விலங்கைப் பார்க்கும் போலீஸ் அதிகாரி அந்தப் பகுதி கால்நடை மருத்துவரை வரவழைக்கலாம். 'இதை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை' என்று மருத்துவர் சான்றளித்தால், மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்று அதன் வலிக்கு முடிவு கட்டலாம். ஆனால் இது உரிமையாளர் உள்ள மாடு, குதிரைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட நடைமுறை. காட்டு விலங்கு என்றால் விஷயம் வனத்துறைக்குத்தான் போகும்.

சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி வழக்கு தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். எழுந்திருக்கவே முடியாமல், படுத்த இடத்தில் புண்களோடு கிடந்தது. 2018 ஏப்ரலில், மருத்துவர் பரிசோதித்துச் சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அது நடப்பதற்குள், சில நாட்களிலேயே, யானை தானாகவே இறந்துவிட்டது. அவ்வளவு பேர் பார்வையில் இருந்த கோயில் யானைக்கே இவ்வளவு நாள் ஆனது.

காந்தியின் கன்றுக்குட்டியும் குரங்குகளும்

சட்டத்தை விடுங்கள், தர்மப்படி இது சரியா? இந்தச் சண்டை இந்தியாவில் 1928-லேயே நடந்துவிட்டது. சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத வேதனையில் கிடந்தது. மருத்துவர் கைவிரித்துவிட்டார். காந்தி தன் முன்னிலையிலேயே விஷ ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் சொன்னார். அகிம்சை பேசுகிறவர் பசுவின் கன்றைக் கொன்றுவிட்டார் என்று கண்டனங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. அதையொட்டி எழுதிய கட்டுரையில் இன்னொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டார்: ஆசிரமத் தோட்டத்தை நாசம் செய்யும் குரங்குகளைக் கொல்லலாமா? அங்கே அவர் பதில் வேறு. கன்றைக் கொன்றது கன்றுக்காக. குரங்கைக் கொன்றால் அது நமக்காக; ஆகவே அது ஹிம்சை என்றார்.

இந்த அளவுகோலை இன்றைக்குப் பொருத்திப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரளா பஞ்சாயத்துத் தலைவர்கள் வரை இறக்கிக் கொடுத்தது. விவசாயிகளின் கஷ்டம் நிஜம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நமக்கு நஷ்டம் என்றால் இதே 11-வது பிரிவு உள்ளூர் வரை இறங்கி வருகிறது. விலங்குக்கு வலி என்றால் மேலே ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

இதில் இன்னொரு கோடும் உண்டு. புலியோடு சண்டை போட்டுக் காயப்பட்ட புலியைக் காட்டிடமே விட்டுவிடலாம். கண்ணியிலோ வாகனத்திலோ அவுட்டுக்காயிலோ சிக்கியது என்றால் அது மனிதன் செய்த காயம், பொறுப்பும் மனிதனுடையது. வன உயிரினத் துறையில் பரவலாக ஏற்கப்படும் நிலை இது. நடைமுறையில் கோடு அடிக்கடி அழிந்துபோகும். ரந்தம்பூரின் பிரபலப் புலி மச்லி பற்களை இழந்து, ஒரு கண்ணும் போன பிறகு, வனத்துறையே இரை கொடுத்துப் பராமரித்தது. 2016 ஆகஸ்ட்டில் இறந்தது. 'இயற்கையை அதன் போக்கில் விட்டிருக்க வேண்டாமா' என்ற விவாதம் அப்போதே எழுந்தது.

மற்ற நாடுகளில்?

பிரிட்டனின் 1981-ம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி, தேறவே வாய்ப்பில்லாத அளவுக்குக் காயமடைந்த காட்டு விலங்கை ஒருவர் கொன்றால் குற்றமில்லை. ஆனால் அந்தக் காயத்தை அவரே சட்டவிரோதமாக ஏற்படுத்தியிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2025 பிப்ரவரியில் 157 திமிங்கிலங்கள் கரையொதுங்கின. சுமார் 90 உயிரோடு இருந்தன. கடலுக்குள் தள்ளும் முயற்சி தோற்றதும் மிச்சம் இருந்தவற்றைக் கருணைக்கொலை செய்ய அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். நம் திருச்செந்தூர் அருகே மணப்பாடு கடற்கரையில் 2016 ஜனவரியில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, மீனவர்களும் அதிகாரிகளும் அவற்றைத் திரும்பத் திரும்பக் கடலுக்குள் இழுத்துவிட்டார்கள். சில மறுபடியும் கரைக்கே வந்தன. 40-க்கும் மேற்பட்டவை இறந்தன. எந்த ஊர் செய்தது அதிக இரக்கம் என்று சட்டென்று சொல்லிவிட முடியவில்லை.

ஊசியோடும் வேலை முடிவதில்லை. கருணைக்கொலைக்கு வழக்கமாகப் பயன்படும் பென்டோபார்பிட்டல் மருந்து உடலிலேயே தங்கிவிடும். அந்தச் சடலத்தைத் தின்னும் பாறு கழுகும் சாகும். நீலகிரி மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறு கழுகுகளை நினைத்தால், சடலத்தை ஆழப் புதைப்பது அல்லது எரிப்பது எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

சரி, அந்த ரோட்டில் நீங்கள் என்ன செய்யலாம்?

112-க்கு அழைத்து, வனத்துறைக்குத் தகவல் போகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னால் வருகிறவர்களுக்குத் தேடும் நேரம் மிச்சம். பிறகு கூட்டத்தை விலக்குங்கள். இதுதான் மானுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. மான் இனங்களுக்குப் பயமே எமன். துரத்துவது, தொடுவது, சுற்றி நின்று சத்தம் போடுவது எல்லாம் சேர்ந்தால் தசை சிதைந்து, இதயமும் சிறுநீரகமும் செயலிழந்து, காயத்தால் சாகாத மான்கூட அதிர்ச்சியால் செத்துவிடும். ஃபிளாஷ் போட்டு வீடியோ எடுப்பதும் இதில் சேர்த்திதான். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தெருநாய்களை அண்டவிடாதீர்கள். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் யோசனையையும் விட்டுவிடுங்கள். உடைந்த முதுகெலும்போடு தூக்குவது அதற்குச் சித்திரவதை, உங்களுக்கு வழக்கு. வனத்துறை வந்ததும் 'இது தேறுமா, டாக்டர் வருகிறாரா' என்று கேளுங்கள். பார்த்தவர் என்ற முறையில் உங்கள் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்குள் மான் இறந்துவிட்டால், உடல் அரசின் சொத்து. போஸ்ட்மார்ட்டம், எரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. உடைந்த கொம்புத்துண்டு ரோட்டோரம் கிடந்தால்கூட ஞாபகார்த்தமாக டேஷ்போர்டில் எடுத்துப் போடாதீர்கள். அதற்கும் இதே சட்டம்தான்.