உற்றது உரைத்தல்: முத்தாண்டிக்குப்பம் வட்டாரப் பழுதுப் பேச்சில் வினாவும் விடையும்

திறவுச்சொற்கள்: வினா, விடை, உற்றது உரைத்தல், ஒலிக்குறிப்பு, வட்டார வழக்கு, பழுதுப் பேச்சு

முன்னுரை

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியத்தின் சுற்றுப்புறத்தில், முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் நிலத்தில் அமைந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். முந்திரிக்கொட்டை மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிச் செல்லும் மொபெட், ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார், வீட்டு மின்விசிறி ஆகியவை இவ்வட்டார வாழ்வின் அன்றாடக் கருவிகள். இவற்றுள் ஒன்று நின்றுவிட்டால் மக்கள் முதலில் நாடுவது விவரம் அறிந்த ஓர் ஆளை. அவர் சாலையோரம் பட்டறை வைத்திருப்பவராகவோ, மோட்டாருக்குக் காயில் கட்டுபவராகவோ, மின்பணியில் இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். அவரிடம் யோசனை கேட்கும்போது நிகழும் உரையாடலை இக்கட்டுரை 'பழுதுப் பேச்சு' எனக் குறிக்கிறது.

இத்தகைய பேச்சைக் கலைச்சொற்களின் தொகுப்பாகக் காண்பது எளிது. எத்தனை ஆங்கிலச் சொற்கள் கலந்துள்ளன, அவற்றுக்கு ஈடான தமிழ்ச் சொற்கள் யாவை என்னும் வினாக்களோடு அந்தப் பார்வை நின்றுவிடும். பழுதை அடையாளம் காட்டும் ஆற்றல் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களிலும் ஒலிக்குறிப்புகளிலும், வினாவும் விடையும் தொடர்ந்து செல்லும் முறையிலும் மிகுதியாக உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியக் கிளவியாக்கமும் நன்னூல் பொதுவியலும் கூறும் வினா விடை இலக்கணம் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

வினாவாக நிற்கும் விடை

பவணந்தியார் விடையை எட்டாக வகுக்கிறார். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரிய விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் பொருளால் விடையாக ஏற்கப்படுபவை. உற்றது உரைத்தலுக்கு வகுப்பறையில் காட்டப்படும் சான்று அனைவரும் அறிந்தது. ஆடுவாயா என்று கேட்கப்பட்டவர் கால் வலிக்கிறது என்கிறார். தமக்கு நேர்ந்ததைச் சொல்லியே இயலாமையைத் தெரிவித்துவிடுகிறார்.

பட்டறையில் இவ்வகை இடம் மாறி நிற்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், "அண்ணா, மேட்டுல இழுக்கமாட்டேங்குது" என்கிறார். இத்தொடரில் வினாச்சொல்லும் இல்லை, வினா எழுத்தும் இல்லை. ஆயினும் என்ன பழுது, எவ்வளவு செலவாகும், இப்போதைக்கு ஓட்டலாமா என்னும் மூன்று வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. கேட்டவரும் அதனை வினாவாகவே கொள்கிறார். ஆனால் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. "புகை எப்படி வருது, கறுப்பாவா வெள்ளையாவா?" என்று திருப்பிக் கேட்கிறார். கறுப்புப் புகை எனில் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்து எரிகிறது. காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தாலே அது தீர்ந்துவிடக் கூடும். நீலம் கலந்த வெண்புகை எனில் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது பிஸ்டன் வளையம் வரை போகும் வேலை. அந்த ஒரு வினாவின் இரு புறமும் நூறு ரூபாய்க்கும் ஆயிரங்களுக்கும் உள்ள தொலைவு கிடக்கிறது.

வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் கூறியது இங்கு அப்படியே பொருந்துகிறது. உற்றது உரைத்தல்தான் புதிய பணியைச் செய்கிறது. அது விடையின் வகையாக மட்டும் நில்லாமல், அறியாதவர் அறிந்தவர்முன் வைக்கும் வினாவின் வடிவமாகவும் ஆகிறது. இதனை நன்னூலின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. முன் வந்த வினாவுக்கு எதிராக வருவதை விடை என அந்நூல் கொண்டது. பழுதுப் பேச்சில் முதல் வினாவே வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. "என்ன ரிப்பேர்?" என்று எடுத்த எடுப்பில் கேட்பது எதிரில் இருப்பவரைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லச் செய்யும் செயல். நேர்ந்ததை மட்டும் சொல்லி நிறுத்துவது அவருக்கு ஆராய இடம் தருகிறது. மரியாதையும் அதில் அடங்கியுள்ளது.

நன்னூல் கூறும் ஆறு வினாக்களும் பட்டறையில் கேட்கக் கிடைக்கின்றன. "பிளக்கா, கார்ப்பரேட்டரா?" என்பது ஐயவினா. "ஆயில் மாத்தினியா?" என்பது மாற்றச் சொல்லும் ஏவல் வினா. "பழைய பிளக்கு ஒண்ணு கிடக்கு, போட்டுப் பாக்குறியா?" என்பது கொடை வினா. இவற்றுள் தனியே கருதத்தக்கது அறிவினா. ஆசிரியர் மாணவரைக் கேட்பதாகவே நாம் அதைக் கற்பிக்கிறோம். பட்டறையில் அதைக் கேட்பவர் வாடிக்கையாளர். வேறொருவரிடம் முன்பே யோசனை கேட்டு வந்தவர், ஒன்றும் அறியாதவர் போல அதே செய்தியை இங்கும் சொல்லி, இரு விடைகளும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கிறார். வடிவில் அறியாவினா, உள்நோக்கில் அறிவினா. ஏமாற்றத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள எளியவர் கைக்கொள்ளும் உத்தி இது.

அவர் அஞ்சுவது பெரும்பாலும் இனமொழியைத்தான். "இந்த மோட்டாரைச் சரிபண்ண முடியுமா?" என்ற வினாவுக்கு, "புதுசு ஒண்ணு நல்லதா வந்திருக்கு" என்பது விடையானால், கேட்ட வினா அப்படியே கிடக்கிறது. "இப்படியே ஓட்டினா காயில் போயிடும்" என்பது உறுவது கூறல். பொறுப்புள்ள யோசனை பெரும்பாலும் இவ்வடிவில்தான் வருகிறது. எட்டு விடைகளுக்குள் நேர்மையின் அளவும் வேறுபடுகிறது என்பதைப் பட்டறையில் நின்று பார்த்தால் உணரலாம்.

ஏறல, வரல, விட்டு விட்டு வருது

பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். வினைகள் அனைத்தும் தமிழ். தண்ணீர் மோட்டார் பற்றிய மூன்று தொடர்களை எடுத்துக்கொள்ளலாம். "தண்ணி வரல" என்பது பொதுத்தொடர். மின்சாரம் இல்லாமையும் மோட்டார் ஓடாமையும் அதில் அடங்கும். "தண்ணி ஏறல" என்றால் மோட்டார் ஓடுகிறது, நீர் மேலே வரவில்லை என்று பொருள். கேட்பவர் குழாய் இணைப்பையும், நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வையும், கிணற்றின் நீர்மட்டத்தையும் நோக்கிச் செல்வார். "விட்டு விட்டு வருது" என்றால் மட்டம் இறங்கி, மோட்டார் நீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது என்று ஐயுற வேண்டும். வினை ஒன்று மாறியதும் தேடும் இடமே மாறிவிடுகிறது.

இவ்வட்டாரத்தில் மூன்றாம் தொடருக்குத் தனிப் பின்னணி உண்டு. நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் நெய்வேலிச் சுரங்கத்தை வெட்ட இயலும். நெய்வேலியின் வரலாறே நீருக்காகத் துளையிட்டதில் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிப்பட்டது; அது என்னவென்று அவர் அறிந்தோரிடம் கேட்கச் செய்ததும் ஒருவகையில் உற்றது உரைத்தலே. 1956இல் நிறுவனம் தோன்றியது. நீர்மட்டம் பற்றிய சொற்கள் இங்கு வெறும் பழுதுச் சொற்களாக நில்லாமல் வழக்காடு சொற்களாகவும் ஆகியிருப்பதற்கு இதுவே காரணம்.

'இழு' என்னும் வினை இன்னும் விரிவானது. "வண்டி இழுக்கல" என்றால் ஆற்றல் குறைவு. "வண்டி ஒரு பக்கம் இழுக்குது" என்றால் சக்கரமோ முன்கவையோ நேராக இல்லை. "மோட்டார் தண்ணி இழுக்கல", "மோட்டார் கரண்ட் அதிகமா இழுக்குது" என்பவை வேறு வேறு. எழுவாயும் செயப்படுபொருளும் மாற, ஒரே வினை நான்கு பழுதுகளைப் பிரித்துக் காட்டுகிறது. 'பிடி', 'அடி', 'எடு', 'ஏறு', 'இறங்கு' ஆகியவையும் இவ்வாறே. சக்கரத்தில் "காத்து இறங்குது" என்பவர் மெல்லிய கசிவையும், "பஞ்சர்" என்பவர் துளையையும், "வெடிச்சிடுச்சு" என்பவர் டியூபின் முடிவையும் சொல்கின்றனர்.

ஒலிக்குறிப்பின் பயன்

உரிச்சொல்லுக்கு இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றை அடிப்படையாகக் காட்டிய தொல்காப்பியர், இரட்டைக்கிளவி தன் இரட்டையிலிருந்து பிரிந்து ஒலிக்காது என்றும் விதித்தார். பட்டறையில் பிரிந்து ஒலிப்பதும் இரட்டித்து ஒலிப்பதும் வெவ்வேறு செய்திகள். "டக்குன்னு ஒரு சத்தம்" என்பது ஒருமுறை நிகழ்ந்தது, ஏதோ முறிந்திருக்கலாம். "டக்டக்குன்னு அடிக்குது" என்பது சுழற்சியோடு தொடர்ந்து வருவது. பின்னதற்கு அடுத்த வினா உறுதியாக, "வேகம் கூட்டினா சத்தமும் கூடுதா?" என்பதுதான்.

மின்விசிறி இதற்கு நல்ல சான்று. "ஃபேன் ஓடல" என்று மட்டும் சொன்னால் மின்பணியாளர் வீட்டுக்கே வர வேண்டும். "உம்முன்னு நிக்குது, கையால சுத்திவிட்டா ஓடுது" என்றால் பழுது கெப்பாசிட்டரில் என்பதைக் கடையில் இருந்தபடியே அவர் அறிந்துகொள்வார். "கரகரங்குது" என்றால் பேரிங். பாடநூல் கெப்பாசிட்டரை மின்தேக்கி என்கிறது, நல்ல சொல். ஆனால் அச்சொல்லை அறிந்தவருக்கு 'உம்முன்னு' என்னும் குறிப்பைச் சொல்லத் தெரியாவிட்டால் பழுது பிடிபடாது. குறிப்பைச் சொல்லத் தெரிந்தவருக்கோ பொருளின் பெயர் தெரியாமல் போனாலும் தடையில்லை. விடை சற்று வழுவினும் பொருளோடு இயைந்திருந்தால் விலக்கத்தக்கதன்று என்ற கிளவியாக்கக் கருத்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

உயிரோடு தொடர்புடைய ஒரு சொல்லும் இங்கு உண்டு. குழாயையோ இரும்பு அலமாரியையோ தொடும்போது மின்கசிவு உணரப்பட்டால் பெரும்பாலோர், "லேசா சுர்ருங்குது" என்பர். 'லேசா' என்பது சொல்பவரின் பணிவிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் வருவது. கசிவின் அளவைக் காட்டுவது அன்று. உலர்ந்த காலோடு தொட்டபோது லேசாகத் தெரிந்தது, ஈரக்காலோடு தொடும்போது ஆளைக் கொல்லக் கூடும். "ஷாக் அடிச்சுது" என்பதற்கும் "கரண்ட் புடிச்சுக்கிச்சு" என்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. தசை இறுகிக் கையை விடுவிக்க முடியாமற்போன நிலையைப் பின்னது குறிக்கிறது. தேர்ந்த மின்பணியாளர் 'லேசா' என்பதைப் பொருட்படுத்தாமல் 'சுர்' என்பதையே கேட்கிறார். முதலில் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே எர்த் இணைப்பைப் பற்றி வினவுகிறார். இங்கு ஏவல், விடைக்கும் வினாவுக்கும் முந்துகிறது.

குழூஉக்குறி அன்று

பட்டறை வழக்கைக் குழூஉக்குறியாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் எழலாம். பொற்கொல்லர் வழக்கு போன்றவை பிறர் அறியாதபடி ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்பவை. பழுதுப் பேச்சோ கூட்டத்துக்கு வெளியே இருப்பவர் உள்ளே வந்து கேட்பதற்காகவே அமைந்தது. 'ஓவர்ஹால்' என்பது 'ஓவராயில்' ஆனது மரூஉ என்ற அளவில் சுவையானது. எண்ணெய் மாற்றும் வேலை என்று அதற்குப் பொருள் கொள்வாரும் உண்டு.

வட்டார அகராதிகள் இவ்வழக்கை எந்த அளவுக்குத் தொட்டுள்ளன என்பது தனி ஆய்வுக்குரியது. கி. ராஜநாராயணன் கரிசலுக்கும் பெருமாள்முருகன் கொங்குக்கும் செய்த பணியை நடுநாட்டுக்குச் செய்தவர் கண்மணி குணசேகரன். விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காட்டு மண்ணைச் சேர்ந்த அவர், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காகப் பணியாற்றியவர். 'நெடுஞ்சாலை' நாவல் அவ்வுலகத்தைக் களமாகக் கொண்டது. நடுநாட்டின் சொல்லகராதிக்காரரும் பழுது பார்ப்பவரும் ஒருவராகவே இருந்தது தற்செயல்தான் என்றாலும், பழுதுப் பேச்சை ஆராய வருபவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. வேளாண் சொற்களுக்கும் உறவுப் பெயர்களுக்கும் வட்டார ஆய்வில் நாம் தரும் முதன்மையைப் பட்டறைத் தொடர்களுக்கும் தர வேண்டும்.

அதற்குக் காலம் நிறைய இல்லை. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 தொடங்கி நாற்பதாண்டுகள், சிற்றூர் வண்டியின் பழுது காதாலும் மூக்காலும் கையாலும் அறியப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளில் கார்ப்பரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு பிடித்துக்கொண்டது. பழுதை ஒரு விளக்கு காட்டுகிறது. அதைக் கருவி வைத்துப் படிக்க வேண்டும். "லைட் எரியுது" என்பதோடு உற்றது உரைத்தல் முடிந்துவிடுகிறது. பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கருவி இல்லாத சிற்றூர்ப் பட்டறையில் வாடிக்கையாளரும் மெக்கானிக்கும் ஒருசேர வாயடைத்து நிற்பதும் உண்மை.

சொல்லத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்த வேலைக்காக வடமாநிலங்களில் இருந்து இவ்வட்டாரத்துக்கு வருவோர் 'மோட்டார்', 'பிளக்கு' என்னும் பெயர்களை அறிவர். 'ஏறல', 'இழுக்கல' என்பவற்றை அறியார். கணவர் இரவு வேலைக்குச் சென்றிருக்க வீட்டில் தனித்திருக்கும் பெண், வினைகளை நன்கு அறிந்திருந்தும், "அவரு வந்ததும் கேட்டுக்கிறேன்" என்று நிறுத்திக்கொள்வதுண்டு. முன்னவருக்கு இல்லாதது சொல். பின்னவருக்கு இல்லாதது அதைச் சொல்லும் இடம். இரண்டையும் ஒன்றாக்கி மொழியறிவுக் குறைவு என்று எழுதிவிடலாகாது.

எனவே, தொகுப்பு முயற்சி மேற்கொள்ளப்படின், தனிச்சொற்களை அகர வரிசையில் நிறுத்துவது போதாது. 'ஏறல' என்னும் பதிவின்கீழ் அதைச் சொன்னவர் யார், எந்தக் கருவியைப் பற்றி, யாரிடம், எந்த உறவு விளியோடு சொன்னார், எதிர்வினா என்னவாக வந்தது, முடிவில் கழற்றிப் பார்த்தபோது பழுது எதில் இருந்தது என்னும் ஆறும் இடம்பெற வேண்டும். கடைசிக் குறிப்பைப் பெறுவதற்கு ஆய்வாளர் பேச்சு முடிந்த பிறகும் பட்டறையில் காத்திருக்க வேண்டியிருக்கும்.