திரை அணைந்த பிறகு நடப்பது என்ன?

டாக்குரியா ஏரிக்கு ரவீந்திர சரோவர் என்று 1958-இல் பெயர் மாற்றினார்கள். ஆனாலும் பழைய கல்கத்தாவாசிகளுக்கு அது இன்றும் 'லேக்'தான். விடியற்காலையில் அங்கே நடக்கப் போகும் நம்மவர்கள் சட்டைப் பையில் செல்போனையும் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். வீடு திரும்பியதும், காப்பி வருவதற்குள், எத்தனை அடி நடந்தோம் என்று பார்ப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்க்கும்போது சில நாட்களில் ஒரு விசித்திரம் கண்ணில் படும். அடிக்கணக்கு 6,000 என்று சரியாக இருக்கும். ஆனால் போன வழியைக் காட்டும் வரைபடத்தில் கோடு கரையோரமாக வளைந்து வராமல், ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு நேராகத் தண்ணீரின் மேலேயே போயிருக்கும். இந்தச் சித்தி நமக்கு எப்போது கைகூடியது?

விஷயம் இதுதான். அடிகளை எண்ணுவது நாம் இறக்கிவைத்த செயலி அல்ல. 2013 முதல் வரத் தொடங்கிய ஒரு ஏற்பாட்டின்படி, உடல் அசைவை உணர்ந்து எண்ணுவதற்கென்றே போனுக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில், போன் தூங்கினாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். செயலி எப்போதாவது விழித்து, 'எவ்வளவு ஆயிற்று?' என்று கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். வழியை வரைவது அப்படியல்ல. சில விநாடிகளுக்கு ஒருமுறை செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு இருக்குமிடத்தைக் கணக்கிட்டுக் குறித்துக்கொண்டே வரவேண்டும். நாம் திரையை அணைத்ததும் போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிட்டால், நடுவிலுள்ள புள்ளிகள் கிடைக்காது. மறுபடி விழித்ததும் பழைய புள்ளியையும் புதிய புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்துவிடும். இடையில் ஏரி இருப்பது அதற்கு எங்கே தெரியும்?

திரை அணைந்த பின்னும் ஒரு செயலி செய்யும் வேலையைப் பின்னணிப் பணி என்று சொல்லலாம். ஐபோனில் மற்றக் கம்பெனிகளின் செயலிகளுக்கு இந்த உரிமை 2010-இல்தான் கிடைத்தது, அதுவும் அளந்து அளந்து. ஆண்ட்ராய்டு போன்களில் ஆரம்பத்திலிருந்தே தாராளம். அந்தத் தாராளத்தைப் பலரும் துஷ்பிரயோகம் செய்து, காலையில் நிறைத்த பாட்டரி மத்தியானத்துக்குள் காலியாயிற்று. அளந்து கொடுத்த இடத்திலும் தொல்லை இல்லாமலில்லை. 2015 அக்டோபரில், ஐபோனில் பேஸ்புக் செயலி பாட்டரியைத் தின்கிறது என்று உலகெங்கும் புகார் எழுந்தது. வீடியோவை விட்டு வெளியே வந்த பிறகும் ஒலிக்கான பகுதி மூடப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது ஒரு காரணம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு திருத்தியது. அதே ஆண்டு வெளிவந்த ஆண்ட்ராய்டு 6-இல் கூகிள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. மின்சாரத்தில் இணைக்காமல், திரை அணைந்து, அசையாமல் சிறிது நேரம் கிடந்தால் போன் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். செயலிகளின் வேலைகளையெல்லாம் சேர்த்துவைத்து, அவ்வப்போது சில நிமிடம் விழித்து முடித்துக்கொள்ளும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 இன்னும் இறுக்கிப் பிடித்தது.

இந்தக் கண்டிப்பு அரசாங்கங்களையும் விட்டுவைக்கவில்லை. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று சிங்கப்பூர் 'டிரேஸ்டுகெதர்' என்ற செயலியை வெளியிட்டது. அருகருகே இருக்கும் போன்கள் புளூடூத் மூலம் ஒன்றையொன்று அறிந்து குறித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஐபோன் வைத்திருந்தவர்கள் அந்தச் செயலியைத் திரையில் திறந்தபடியே வைத்திருக்க வேண்டியிருந்தது. மூடிவிட்டால் சரியாக வேலை செய்யவில்லை. அங்கே பிள்ளைகள் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது நினைவிருக்கும். பிரிட்டனில் வைட் தீவில் நடந்த பரிசோதனையில், பக்கத்திலிருந்த ஆண்ட்ராய்டு போன்களில் நூற்றுக்கு 75-ஐக் கண்டுகொண்ட செயலி, ஐபோன்களில் நூற்றுக்கு 4-ஐத்தான் கண்டுகொண்டது. 2020 ஜூனில் அந்த முறையைக் கைவிட்டு, ஆப்பிளும் கூகிளும் சேர்ந்து அமைத்த ஏற்பாட்டுக்கு மாறினார்கள். சிங்கப்பூர் வேறு வழியில் போயிற்று. போனை நம்பாமல், மாதக்கணக்கில் பாட்டரி நிற்கும் ஒரு சிறு வில்லையைத் தயாரித்து, முதலில் முதியவர்கள் கையில் கொடுத்தது. எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். டாக்குரியா, ஜோத்பூர் பார்க், லேக் கார்டன்ஸ் பக்கங்களில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் தமிழ் வீடுகள் எத்தனையோ. பிள்ளை பெங்களூரில், பெண் அமெரிக்காவில். பூஜை விடுமுறைக்கு வந்த பிள்ளை அப்பாவின் போனில் மருந்து நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலியை வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு வாரம் ஒழுங்காக ஒலிக்கிறது. பிறகு மௌனம். அப்பாவோ, ஒலித்தால் சாப்பிடலாம் என்று இருந்துவிடுகிறார். ரத்த அழுத்த மாத்திரையும் இன்சுலினும் இப்படித் தவறுவது சின்ன விஷயமல்ல.

ஏன் ஒலிக்கவில்லை? பல சமயம், பாட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் போன் தயாரிப்பாளரே கூகிளின் விதிகளுக்கு மேல் தன் விதிகளையும் போட்டிருப்பார். சில நாள் திறக்காத செயலியை அது ஓசைப்படாமல் நிறுத்திவைக்கும். பெரியவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. திறந்து கிடக்கும் செயலிகளையெல்லாம் ராத்திரி ஒவ்வொன்றாகத் தள்ளி மூடிவிட்டுப் படுப்பது. விளக்கை அணைப்பது போல அது நல்ல காரியம் என்று நினைக்கிறார்கள். சில கம்பெனிப் போன்களில் அப்படித் தள்ளினால் செயலி வைத்திருந்த அலாரங்களும் சேர்ந்து ரத்தாகிவிடும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக் காட்டவே அனுமதி கேட்க வேண்டும். புதிதாக வைத்தபோது 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் பிறகு ஒன்றும் வராது. ஆண்ட்ராய்டு 14-இல், குறித்த நிமிடத்தில் எழுப்புவதற்கான அனுமதியைப் பெரும்பாலான புதிய செயலிகளுக்கு நாமே அமைப்புகளில் போய்க் கொடுக்க வேண்டும். போன் ஒருமுறை அணைந்து எழுந்தால் ஆண்ட்ராய்டில் எல்லா அலாரமும் அழிந்துபோகும். செயலி தானே மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும். சோம்பேறித்தனமாக எழுதப்பட்டவை இதைச் செய்வதில்லை.

ஐபோனில் நினைவூட்டல்களை முன்கூட்டியே போனிடம் ஒப்படைத்துவிடலாம். செயலியை மூடினாலும் அவை ஒலிக்கும். ஆனால் ஒரு செயலிக்கு 64 தான் கணக்கு. தினம் நாலு வேளை மருந்தை நாள்வாரியாகத் தனித்தனியே ஒப்படைத்தால் 16 நாளில் 64-ம் தீர்ந்தது. இடையில் செயலியைத் திறக்காதவருக்கு 17-ஆம் நாள் மணி அடிக்காது. 'தினமும் இந்நேரம்' என்று எழுதியிருந்தால் நாலே போதும், வருஷக்கணக்கில் ஒலிக்கும்.

சால்ட் லேக் செக்டார் ஃபைவில் இந்த வேலையையே செய்யும் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கிளைவ் தெருக் கம்பெனிகளில் பேரேடு எழுதிய நம் பெரியவர்கள் எழுபதுகளின் லோடு ஷெட்டிங்கில் எப்படிச் சமாளித்தார்கள்? விளக்குப் போனால் எந்த வரியில் நின்றோம் என்பதற்கு ஒரு குறி இருக்கும். வவுச்சருக்கு எண் இருக்கும். அதே எண் ஏற்கெனவே பேரேட்டில் ஏறியிருந்தால் இரண்டாம் முறை ஏற்ற மாட்டார்கள். பின்னணிப் பணிக்கும் இதே இரண்டு ஒழுங்கு வேண்டும். எந்த நொடியிலும் கழுத்தைப் பிடித்து நிறுத்துவார்கள் என்று எண்ணித் துண்டு துண்டாகச் செய்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் குறித்துவைக்க வேண்டும். மறுபடி தொடங்கும்போது அதே வேலை இரட்டிக்கக் கூடாது. ஆண்ட்ராய்டில் 2019 முதல் முழுமையாகக் கிடைக்கும் ஒர்க்மேனேஜர் என்ற ஏற்பாடு, 'வைஃபை இருக்கும்போது செய், சார்ஜில் இருக்கும்போது செய்' என்றெல்லாம் சொல்லி வேலையை ஒப்படைக்க உதவுகிறது. போன் அணைந்து எழுந்தாலும் மறக்காது. ஆனால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு 15 நிமிடம்தான் குறைந்தபட்ச இடைவெளி, அதுவும் முன்னே பின்னே ஆகும். புகைப்படங்களைச் சேமிக்க அது போதும். மருந்து வேளைக்கு அது உதவாது; அலாரம் கடிகாரம் என்ற வகையிலேயே பதிவு செய்ய வேண்டும்.

பணம் அனுப்பும்போதும் இதே கதைதான். மீன் கடையிலோ பூக்கடையிலோ யு.பி.ஐ.யில் பணம் அனுப்பி, சிக்னல் போய், 'நிலுவையில்' என்று நின்றால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். நீங்கள் மறுபடி அழுத்துவது புது எண்ணுள்ள புது வவுச்சர், இரண்டும் ஏறிவிடும்.

அனுமதி கொடுப்பதில் கை தாராளமாக இருக்கக் கூடாது. மருந்துச் செயலிக்குப் பாட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுங்கள். டார்ச் விளக்குச் செயலியும் சீட்டாட்டமும் அதைக் கேட்டால் கொடுக்காதீர்கள். இருக்குமிடத்தை 'எப்போதும்' அறியும் அனுமதி, பெற்றோரைக் கண்காணிக்க அவர்கள் சம்மதத்தோடு வைத்த ஒரு செயலிக்குத் தவிர வேறெதற்கும் அவசியமில்லை. எல்லாவற்றிலும் அபாயமானது அணுகல்தன்மை அனுமதி. பார்வையற்றவர்களுக்காக ஏற்பட்ட வசதி அது. பெற்றுக்கொண்ட செயலி திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். தெரியாத ஆள் போனில் பேசி அதைத் திறக்கச் சொன்னால், பேச்சை அங்கேயே துண்டித்துவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் பிள்ளைகள் ஒரு சோதனை செய்துவிட்டுப் போகலாம். சார்ஜரைக் கழற்றி, செயலிகளையெல்லாம் அப்பா தள்ளுவது போலவே தள்ளிவிட்டு, போனைத் தொடாமல் மேஜைமேல் மூன்று மணி நேரம் வையுங்கள். குறித்த நிமிடத்தில் ஒலிக்கிறதா? பிறகு அணைத்துப் போட்டு, அடுத்த வேளைக்கும் பாருங்கள். மௌனப் பொத்தானை அழுத்திவிட்டும் ஒருமுறை பாருங்கள். பகல் தூக்கத்துக்கு அழுத்துகிறவர்கள் திருப்பிவிட மறந்துபோவார்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் செயலியை நீக்கிவிட்டு, போனோடு வந்த கடிகாரத்திலேயே அலாரம் வைத்துக் கொடுங்கள். பாட்டரி போட்ட மேஜைக் கடிகாரமும் கடைகளில் இன்னும் கிடைக்கிறது.