டப்பாவில் மூன்று எழுத்து

2023 கோடையில் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தேன். ஓர் இளம்தாய், மடியில் வாடிய பிள்ளை.

“ரெண்டு நாளா வயித்தால போவுதுக்கா. கடையில ஓ.ஆர்.எஸ். வாங்கிக் குடுக்கறேன், நிக்கவே மாட்டேங்குது” என்றாள்.

கையில் இருந்ததோ அட்டை டப்பாவில் அடைத்த பழப் பானம்! பெயரில் அந்த மூன்று எழுத்தும் கொட்டையாக. ‘இது அந்த மருந்தல்ல’ என்ற விஷயம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். செவிலியர் தந்த நிஜப் பொட்டலம் பரணில் பிரிக்காமல் கிடந்தது. “அது உப்புக் கரிக்குது, இத புள்ள ஆசையா குடிக்குது” என்றாள். குடிக்காமல் என்ன செய்யும், அத்தனை சர்க்கரை!

பெயர்க் குழப்பம் அந்த ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் வாயில் பழவேற்காடு ‘புலிகாட்’ ஆனது. அங்கிருந்து கப்பலேறிய துணியின் நினைவாக மலேசியாவில் கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்றே பெயர். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இது அப்படியா?

உலக சுகாதார நிறுவனம் வகுத்த கலவையில் லிட்டருக்குக் குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம்; பொட்டாசியமும் சிட்ரேட்டும் கொஞ்சம். அளவான குளுகோஸ், உப்பையும் நீரையும் குடலிலிருந்து உடம்புக்குள் சேர்க்கிறது. சர்க்கரை மிஞ்சினாலோ, உடம்பின் நீர் குடலுக்கு இறங்கிப் பேதி வலுக்கும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவுக்கு டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் குளுகோஸும் கலந்த நீரைத்தான் கொடுத்தார்; சாவு நூற்றுக்கு 30-லிருந்து 4-க்கும் கீழே இறங்கியது.

ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளே கூடாது என்றது. ஒரு பெண்மணியின் பிடிவாதத்துக்குக் கிடைத்த பலன்!

ஆனால் பெயர் மாறினாலும் டப்பாவின் முகஜாடை மாறாதே. ஆகவே பொடியாகக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பெரிய பொட்டலத்தை முழுசாக 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். தம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவுவது தப்பு. 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் கொடுத்து முடியுங்கள்.

கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான். படகேறி ஆஸ்பத்திரி போகவேண்டிய குப்பங்களில் இரண்டு பொட்டலமாவது எப்போதும் வீட்டில் இருக்கட்டும், பரணில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில்.