மேல்சிகிச்சை என்னும் சொல்: முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எங்கள் பக்கத்தில் நோய் கைமீறிப் போனதைச் சொல்ல ‘எழுதிக் குடுத்துட்டாங்க’ என்பார்கள். எழுதிக் கொடுக்கப்படுவது மருந்து அல்ல; ஆள். ‘மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்’ என்ற ஒரு வரியோடு துண்டுக் காகிதம் கைக்கு வந்ததும் குடும்பத்துக்குள் விவாதம் தொடங்கிவிடும். திருவண்ணாமலையா, முண்டியம்பாக்கமா, ஜிப்மரா? மேல்மலையனூர் வட்டம் விழுப்புரம் மாவட்டத்தின் வடமேற்கு ஓரம். தூரத்தைப் பார்த்தால் திருவண்ணாமலை பக்கம். மாவட்டத்தைப் பார்த்தால் முண்டியம்பாக்கம். பழக்கத்தையும் நம்பிக்கையையும் பார்த்தால் பாண்டிச்சேரி. மூன்றுமே மருத்துவக் கல்லூரிகள். மூன்றுமே வேறு ஊர்கள்.

மல்லாட்டை பிடுங்கப் போன இடத்தில் என் சின்னம்மாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. முதலில் கொண்டுபோன ஒரு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்காமலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்து பிழைத்தார். வீடு திரும்பிய பிறகு அவர் சொன்னதுதான் இக்கட்டுரைக்குக் காரணம்: “பத்துப் பதினஞ்சு பசங்க கட்டில சுத்தி நிப்பாங்க. பெரிய டாக்டரு என் கால காட்டிக் காட்டிக் கேள்வி கேப்பாரு. எல்லாம் என் கால பாத்துத்தாண்டா படிச்சிதுங்க. அதுல ஒண்ணாவது நம்ப ஊருக்கு வருமா?”

2

மருத்துவக் கல்லூரி என்பது கூடுதல் கட்டில்கள் கொண்ட மருத்துவமனை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு உற்பத்திகள் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம். ஒன்று சிகிச்சை, மற்றொன்று மருத்துவர். இரண்டாவதற்கு மூலப்பொருள் நோயாளியின் உடல். இது வெறும் உருவகமல்ல, விதி. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி 100 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 420 கட்டில்கள் இருக்க வேண்டும். அவற்றில் 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். நோயாளிகள் இல்லையென்றால் பாடம் இல்லை, அங்கீகாரமும் இல்லை.

‘கிளினிக்கின் பிறப்பு’ என்ற நூலில் (1963) மிஷேல் ஃபூக்கோ, பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் மருத்துவமனைகளில் உருவான மௌன ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். பணக்காரர்கள் மருத்துவமனைக்குப் பணம் தருகிறார்கள். ஏழை இலவசமாகச் சிகிச்சை பெறுகிறான். பதிலுக்குத் தன் நோயைப் பார்வைக்கு வைக்கிறான். அப்படிப் பார்த்துச் சேர்த்த அறிவு நாளை பணக்காரனின் நோய்க்குப் பயன்படுகிறது. நம் ஊரிலும் இதுவே நடக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடுவது சுலபம். ஆனால் நிறுத்த முடியாது. இங்கே கல்லூரியை நடத்துவது தனவந்தர்களின் தர்மம் அல்ல, சின்னம்மாவும் சேர்ந்து கட்டும் வரி. அவர் கொடுப்பது இரண்டு: உடல், வரி. இருளர்களை எடுத்துக்கொண்டால் மூன்று. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. ஆகவே ‘இலவச சிகிச்சை’ என்ற சொல்லாடலை முதலில் கைவிட வேண்டும். இது சலுகையல்ல, கொடுத்ததற்குத் திரும்ப வரவேண்டியது.

3

இப்பகுதியின் மருத்துவ வரலாறே ‘வேறு ஊருக்குப் போன’ வரலாறுதான். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவரை வீட்டாரால் ஏற்க முடியவில்லை, பெண் மருத்துவர் இல்லை. அந்த இரவைக் கண்ட ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். தொடங்கியது வேலூரில். அந்தப் பக்கம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823இலேயே மருத்துவப் பள்ளி வைத்துவிட்டார்கள். அதன் வாரிசுதான் 1964இல் பெயர் பெற்ற ஜிப்மர். இரண்டுக்கும் நடுவில் கிடந்த பழைய தென்னார்க்காட்டில் சிதம்பரத்து ராஜா முத்தையா கல்லூரி (1985) அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினுடையது. கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகே, 2021இல், அது அரசின் சுகாதாரத் துறைக்கு வந்தது. இந்நிலப்பரப்பில் அரசு தானே தொடங்கிய முதல் கல்லூரி 2010இல் முண்டியம்பாக்கத்தில் வந்தது.

மாவட்டத்துக்கொரு அரசு மருத்துவக் கல்லூரி என்ற கொள்கையின் விளைவு அது. தருமபுரி 2008, திருவாரூர் 2010, சிவகங்கை 2012, திருவண்ணாமலை 2013. பிறகு 2022 ஜனவரியில் ஒரே நாளில் கள்ளக்குறிச்சி உட்படப் பதினொன்று. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத சாதனை இது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்தவர்கள் கொண்டுவரப்பட்டது முண்டியம்பாக்கத்துக்குத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும் சுமையைத் தாங்கியவை இத்தகைய அரசு மருத்துவமனைகளே. கல்லூரியே தேவையில்லை என்று பேசுகிறவர்கள் அந்த வார்டுகளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கல்லூரி எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பழைய விதிகள் இருபது, இருபத்தைந்து ஏக்கர் கேட்டன. அவ்வளவு இடம் நகருக்குள் கிடைக்காது. எனவே விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில், சென்னை – திருச்சி நெடுஞ்சாலையோரம் நிற்கிறது. பேராசிரியருக்கும் ஆய்வுக் குழுவுக்கும் விபத்தில் சிக்கியவருக்கும் வசதியான இடம்தான். மேல்மலையனூரிலிருந்து வருகிறவர் முதலில் செஞ்சி வர வேண்டும். அங்கே பஸ் மாற வேண்டும். அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயிலுக்கு எத்தனையோ மாவட்டங்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் வரும். பேய் பிடித்ததென்று கூட்டிவரப்படுகிறவர்களும் அதில் இருப்பார்கள். நோயோடு வருகிறவர்களுக்கு ஊருக்குள் வழி இருக்கிறது. நோயோடு வெளியே போகிறவர்களுக்குத்தான் இல்லை.

4

‘மேல்சிகிச்சை’ என்ற சொல்லுக்குள் ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ். வட்ட மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். ஒரே நோயாளி ஒரே இரவில் மூன்று இயக்ககங்களைக் கடக்கிறார். காகிதம் மேலே போகிறது, கீழே திரும்புவதில்லை. என்ன செய்தோம், முதலிலேயே என்ன செய்திருக்கலாம் என்பதை மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு எழுதுவதில்லை.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் ஆடாமல் வைத்தால் போதும். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கையில் இருக்க வேண்டும். மூச்சுத் திணறினால் வெண்டிலேட்டர், சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ். மேலே அனுப்ப வேண்டியது இவற்றுக்குத்தான். அப்போதும் மருந்தைத் தொடங்கிவிட்டே அனுப்ப வேண்டும். அறிவு குறைவாக இருப்பதால் மட்டும் இது நடக்காமல் போவதில்லை, பயம். தனியே நிற்கும் இளம் மருத்துவர், ஏதாவது ஆகிவிட்டால் யார் காப்பாற்றுவார் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். பெரிய கட்டடத்தில் பேராசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே சிகிச்சை செய்யப் பழகியவர் அவர். கல்வியின் இடம் அவர் கைகளைத் தீர்மானித்துவிட்டது.

இது புதிய சிக்கல் அல்ல. 1946இல் அறிக்கை தந்த போர் கமிட்டி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கனவு கண்ட அதே கையோடு, குறைந்த காலத்தில் படித்து ஊர்ப்புறத்தில் தொழில் செய்த எல்.எம்.பி. வகையை நிறுத்தி ஒரே வகை மருத்துவர் போதும் என்றது. கமிட்டியின் ஆறு உறுப்பினர்கள் மறுத்தார்கள். ‘கிராமத்துக்கு அரை டாக்டரா?’ என்ற கேள்வி நியாயமானது. இன்றும் நான் அந்தக் கேள்வியின் பக்கம்தான். ஆனால் முழு மருத்துவரைக் கிராமத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்ற மறுபாதிக்கு விடை தேடாமல் விட்டோம்.

தமிழகம் அதற்கு ஓரளவு விடை கண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊர்ப்புறத்தில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு தந்தது அது. வந்தவருக்கு மேலே படிக்க வழி. அரசுக்குச் சிறப்பு மருத்துவர். மத்திய விதிகளால் அடைபட்ட அவ்வழியை, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று சொல்லி 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. அதே ஆண்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. முதலாண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். நீட் அடைத்த கதவில் ஒரு சிறு சந்து. யார் படிக்கிறார் என்பதும் யார் திரும்பி வருவார் என்பதும் வேறு வேறு கேள்விகள் அல்ல.

5

2022 முதல் ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் கிராமத்துக் குடும்பங்களைத் ‘தத்தெடுக்க’ வேண்டும். முதுநிலை மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். தத்தெடுப்பு என்ற சொல்லே கோணலானது. யார் யாருக்குப் பெற்றோர்? எனினும் திசை சரி. செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் இருக்கும் அரசு மருத்துவமனைகளைக் கல்லூரியின் வகுப்பறைகளாக்க வேண்டும். பேராசிரியர் வாரம் ஒருநாள் இங்கே வந்து கட்டிலருகே பாடம் நடத்த வேண்டும். மேலே போன ஒவ்வொரு காகிதத்துக்கும் கீழே ஒரு பதில் வரவேண்டும். புதிய கட்டடம் கேட்கவில்லை. பாடத்தின் இடத்தை மாற்றக் கேட்கிறோம்.

எத்தனை மாவட்டத்தில் கல்லூரி, எத்தனை இடங்கள் என்று எண்ணுவதோடு இன்னொரு கணக்கையும் எடுக்கத் தொடங்குவோம். ஓராண்டில் மேல்மலையனூரிலிருந்து எத்தனை பேர் எழுதிக் கொடுக்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மையில் தேவைப்பட்டது? சின்னம்மாவின் காலைப் பார்த்துப் படித்த பசங்கள் இந்நேரம் டாக்டர்களாகியிருப்பார்கள். அவர் இன்னும் மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.