உடைக்காமல் உட்குறை காணும் கலை

கொல்லிமலையின் பைல் நாடு போன்ற மலைப்பகுதிகளில், புயலில் மின்கம்பி அறுந்தாலும் விளக்கெரிய உதவ வல்லது சூரிய மின்தகடு. அதன் உயிர் சிலிக்கான் எனும் குறைகடத்தி. அதில் மிகச் சிறிதளவு அயற்பொருள் கலந்தாலும் மின்சாரம் குறையும். கண்ணுக்கோ அது புலப்படாது. உடைத்துப் பார்த்தால் பொருளே வீணாகும்.

இதற்கு அறிஞர்கள் கண்ட வழி வியப்புக்குரியது. சிலிக்கான் வில்லையின் மீது நுண்ணலையைப் பாய்ச்சுகின்றனர். ஒரு புள்ளியில் லேசர் ஒளி கணநேரம் பட்டதும் அங்கே மின்னூட்டங்கள் விடுபடுகின்றன. திரும்பி வரும் நுண்ணலையும் மாறுகிறது. ஒளி நின்றபின் அம்மாற்றம் மெல்ல மறைந்தால் அவ்விடம் தூயது. விரைந்து மறைந்தால் குறையுடையது. இவ்வாறு புள்ளி புள்ளியாய் அளந்து படமாக்குகின்றனர். காந்தப் பொருளிலோ, விட்டுவிட்டுப் படும் லேசர் ஒரு புள்ளியைச் சற்றே சூடாக்குகிறது. அது நுண்ணலையை உறிஞ்சும் அளவு அதே தாளத்தில் மாறி, அவ்விடத்தின் காந்த இயல்பைக் காட்டுகிறது.

இத்துறைக்கு வித்திட்டோருள் நம் நாட்டவர் ஜகதீஷ் சந்திர போஸும் ஒருவர். 1895இல் கல்கத்தாவில் நுண்ணலைகளைச் செலுத்திக் காட்டிய அவர், கலீனா எனும் ஈயத் தாதுவால் அலையுணரும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஒளி பட்டபோதன்று, நின்ற பின்னரே தூய்மை தெரிகிறது. ரமலான் கடந்த பின் நம் உள்ளங்களின் நிலையும் இதுவன்றோ? சிந்திப்போமாக!