பஸ் வந்தாங்க!

2013ஆம் ஆண்டு, ஒரு மாலை நேரம். அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிறுத்தத்தில் என் இரண்டரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். தூரத்தில் பேருந்து தெரிந்ததும் அவள் கையை நீட்டி, “அப்பா, பஸ் வந்தாங்க!” என்று கத்தினாள். நிறுத்தமே சிரித்தது. பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா, “ஆமா கண்ணு, பஸ் வந்துச்சு. இவ்ளோ நேரம் நிக்க வச்சதுக்கு மரியாதை வேற கேக்குதா?” என்றார்.

அன்றிரவு அந்த வாக்கியத்தை ஒரு பழைய பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அடுத்த ஒன்றரை ஆண்டில் அவள் சொன்னவற்றால் அந்த நோட்டில் பதினெட்டுப் பக்கங்கள் நிறைந்தன. சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். பிறகு ஒருநாள் வழு, வழாநிலை, வழுவமைதி நடத்த எடுத்துக்காட்டு தேடியபோது நோட்டு கைக்குக் கிடைத்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று நன்னூல் சொல்லும் ஏழு வழுவும் அதில் இருந்தன. ஒரே வாயிலிருந்து வந்தவை.

“பஸ் வந்தாங்க” திணை வழு. ஆனால் அந்த வாக்கியத்தை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? யாரும் அப்படிப் பேசுவதில்லை. தாத்தா வந்தாங்க, மாமா வந்தாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தாங்க என்று கேட்டுக் கேட்டு, ‘காத்திருந்து வரவேற்கும் பெரியவர்களுக்கு வந்தாங்க’ என்று அவளே ஒரு விதி செய்திருக்கிறாள். பேருந்தும் பெரியது, காத்திருந்து வரவேற்பது. விதியைச் சரியாகத்தான் பயன்படுத்தினாள். அதன் எல்லைதான் தெரியவில்லை. (நாமும் ‘குழந்தை அழுகிறது’ என்று அவர்களை அஃறிணையாக்கித்தானே பேசுகிறோம்! தொல்காப்பியமே உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களில் ‘குழவி’யைச் சேர்த்திருக்கிறது. கணக்கு நேராகிவிட்டது.)

விதி செய்வது இன்னும் தெளிவாகத் தெரிவது வினைச்சொல்லில். இரண்டு வயதில் “அழுதேன்” என்று சரியாகச் சொன்னவள், மூன்று வயதை நெருங்கும்போது “நான் அழுனேன்” என்றாள். “பின்னோக்கிப் போறாளே” என்று என் மனைவி கவலைப்பட்டார். உண்மையில் அது முன்னேற்றம். முதலில் கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னாள். பிறகு ஓடுனேன், பாடுனேன், தேடுனேன் ஆகியவற்றில் பொதுவாக ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, அதை எல்லா வினைக்கும் போட்டுப் பார்த்தாள். இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று நாம் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறோம். அவற்றில் ஒன்றை அவள் கரும்பலகை இல்லாமலே பிரித்தெடுத்துவிட்டாள். இன்னும் சில மாதங்களில் ‘அழுதேன்’ தானாகத் திரும்பி வந்தது.

இதைச் சோதனையாகவே செய்துகாட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் ஜீன் பெர்கோ. 1958இல் வெளியான ஆய்வில், எந்த மொழியிலும் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு ஒரு புதுப்பெயர் வைத்து, அதே பிராணி இரண்டு இருந்தால் எப்படிச் சொல்வாய் என்று சிறு குழந்தைகளிடம் கேட்டார். முன்பு கேட்டிராத சொல்லுக்கும் குழந்தைகள் பன்மை விகுதி சேர்த்தார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டுமே மொழி கற்றல் என்றால் இது நடந்திருக்காது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் இதை ஒரு சாக்கட்டியைக் கொண்டே செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு பிராணியை வரைந்து ‘இது ஒரு மிங்கு’ என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இன்னொன்றை வரைந்தால் போதும்.

நோட்டில் இடவழு நிறைய. பசித்தால் “உனக்குப் பசிக்குது” என்பாள். அம்மா தினமும் “உனக்குப் பசிக்குதா?” என்று கேட்பதால் ‘உனக்கு’ என்பது தன் வயிற்றின் பெயர் என்று எடுத்துக்கொண்டாள் போலும். அதே கணக்கில்தான் கொஞ்ச நாள் என்னை “ஏங்க” என்று கூப்பிட்டாள். “ஏங்க, பால்காரர் வந்துட்டாரு!” அப்பாவின் பெயர் அதுதானே, வீட்டில் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

காலவழுவில் என்னையே மடக்கினாள். குளியலறையிலிருந்து “இதோ வந்துட்டேன்மா” என்று குரல் கொடுத்தேன். வெளியிலிருந்து பதில் வந்தது: “அப்பா பொய் சொல்றாங்க. இன்னும் வரல.” விரைவு காரணமாக எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வது வழுவமைதி என்று அவளுக்கு விளக்க முடியவில்லை. இன்னொரு நாள் புறநகர் ரயிலில் நான் “அம்பத்தூர் வந்துடுச்சு, இறங்கணும்” என்றதும், “அம்பத்தூருக்குக் கால் இருக்கா?” என்றாள். நகராத பொருளை நகர்வதுபோலச் சொல்வதை நன்னூல் அனுமதித்திருக்கிறது, அவள் அனுமதிக்கவில்லை.

மரபுவழுவுக்கு மாட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி, பூனைக்குட்டி என்றால் மாட்டுக்குட்டிதானே? இதற்குச் சிரித்த நாம் எல்லாரும் யானைக்கன்றை யானைக்குட்டி என்றுதான் சொல்கிறோம்.

இத்தனைக்கும் யாரும் அவளைத் திருத்தியதாக நோட்டில் இல்லை. ஆனால் நடந்தது வேறு. “அழுனேன்” என்றால் அவள் அம்மா, “அழுதியா? ஏன் அழுத?” என்று கேட்பார். பூக்கார அம்மா “ஆமா கண்ணு, பஸ் வந்துச்சு” என்றதும் அதுவே. பேச்சை நிறுத்தாமல், குழந்தை சொன்ன பொருளுக்குப் பதில் சொல்லி, அந்தப் பதிலுக்குள்ளேயே சரியான வடிவத்தை வைத்துத் தருவது. பி.எட். படிக்காத அம்மாக்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் தொடங்கியபின் ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் பாடலும் கதையும் பேச்சும் பெருகியிருக்கின்றன. அங்கே இதற்கு நல்ல இடமிருக்கிறது.

ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் பேசும் குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். பேசாத குழந்தையைப் பற்றி வேண்டும். இரண்டு வயது முடிந்தும் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ போல இரண்டு சொற்களைச் சேர்க்காத குழந்தைக்கு முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். தம்பி தங்கையைப் பற்றி அப்படி ஒரு பெற்றோர் சொன்னால், “போகப் போகச் சரியாகிவிடும்” என்று நாம் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

இவ்வளவு எழுதிய நான் வகுப்பறையில் செய்தது இது. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் புதிதாகச் சேர்ந்தான். குடும்பம் பீகாரிலிருந்து வந்தது, அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் வேலை. தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்டபோது, “சார், ரயில் லேட்டா வந்தாள்” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ‘ரயில் தாமதமாக வந்தது’ என்று ஐந்து முறை எழுதச் சொன்னேன். எழுதினான், ஐந்தும் சரி. அதன்பின் மூன்று வாரம் அவன் என்னிடம் தமிழில் ஒரு வாக்கியம் பேசவில்லை. கேள்வி கேட்டால் தலையாட்டல், இல்லையென்றால் பக்கத்துப் பையன் முகத்தைப் பார்ப்பது. என் மகள் சொன்னால் நோட்டில் ஏறுகிற அதே திணை வழு, இவன் சொன்னதும் சிவப்பு மைக்குப் போய்விட்டது.

இந்தி தெரிந்த சக ஆசிரியர் ஒருவர்தான் விளக்கினார். இந்தியில் அஃறிணைப் பொருளும் ஆண்பால் அல்லது பெண்பால். ரயில் அங்கே பெண். நேற்றுக்கும் நாளைக்கும் ‘கல்’ என்று ஒரே சொல். நாம், நாங்கள் என்ற வேறுபாடு இல்லை, இரண்டுக்கும் ‘ஹம்’தான். மூன்று வயதில் என் மகள் எல்லை தெரியாமல் நீட்டிய விதியைப் போலத்தான் இவனும் தன் விதியைத் தமிழுக்கு நீட்டியிருக்கிறான்.

அடுத்த இலக்கண வகுப்பில் கரும்பலகையை இரண்டாகக் கோடிட்டு, “உங்க மொழியில எதெல்லாம் வந்தான், எதெல்லாம் வந்தாள்?” என்று அவனைக் கேட்டேன். முதலில் எழுந்திருக்கவில்லை. பிறகு வந்து சாக்கட்டியை வாங்கினான். கதவு ஆண். ஜன்னல் பெண். வீடு ஆண். நாற்காலி பெண், புத்தகம் பெண். நான்கைந்து சொல்லுக்குள் வகுப்பு கத்த ஆரம்பித்துவிட்டது. சுவர்? பை? மின்விசிறி? ஒவ்வொன்றுக்கும் அவன் தீர்ப்புச் சொன்னான், தமிழில், தப்பும் தவறுமாக, நிறுத்தாமல். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி டஸ்டரைத் தூக்கிக் காட்டி, “இது?” என்றாள். அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தெரியல. நாளைக்கு அம்மாகிட்ட கேட்டேன், சொல்றேன்” என்றான்.

“சரி, கேட்டுட்டு வந்து சொல்லு” என்றேன்.